அரங்கசாமி என்று கூப்பிட்டது யார்?

அத்தியாயம் 14

இரண்டு அத்தைகளையும் தோட்டத்துக் கேட்டில் நிற்க வைத்துவிட்டுப் போன வாரம் நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். அவர்கள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்கள். ஒருத்தி நுழையாமல் இன்னொருத்தி நுழைய மாட்டாள். இன்னொருத்தி நுழைந்தால் இவள் நுழைய மாட்டாள்.

தாராபுரத்திலிருந்து காரில் வந்தவள் மூத்தவள் ராசாத்தாள். கணபதியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள் இளையவள் பாவாத்தாள். கூடப் பிறந்தவர்கள். மூத்தவளுக்குத் தம்பியாகவும் இளையவளுக்கு அண்ணனாகவும் இருவருக்கும் நடுவில் பிறந்த ஒரே ஆண்பிள்ளையின் மகள் ஹாரிகாவின் காதுகுத்தில், முதல் பந்தியில் யார் உட்காருவது என்று சண்டை வந்து பேச்சை நிறுத்தியவர்கள். அன்றைக்குக் காதைப் பிடித்துக்கொண்டு அழுத ஹாரிகாவுக்கு இப்போது இருபத்தொன்பது வயது. அன்று நட்ட தென்னை காய்த்து, உச்சி எட்டாமல் போய்விட்டது. ஒரு கல்யாணத்துக்கு இந்த இரண்டு பேரையும் அழைத்தால் மண்டபத்துச் சுவரை இடித்துத் தனி வாசல் வைக்க வேண்டும் என்று தொண்டாமுத்தூர்ப் பக்கம் சொல்வார்கள். ஒருமுறை நிஜமாகவே கடப்பாரை வரைக்கும் போனது.

அப்படிப்பட்ட இருவரும் ஒரே காலையில் வந்து ஒரே கனவைச் சொன்னார்கள். செத்துப்போன ஐயன், அவர்களைப் பெற்ற அப்பா, வந்தாராம். நாளை நடக்கவிருக்கும் ஆபரேஷனுக்குத் தம்பி போகக் கூடாது என்றாராம்.

தம்பி என்பது ஹாரிகாவின் அப்பா. ஊருக்கெல்லாம் துரை. தோப்புக்குள் யானை வந்தால் காட்டிலாகாவுக்குப் போன் போடாமல், ஒரு டார்ச்சும் ஒரு தகர டின்னுமாகப் போய், "இன்னைக்கு இது போதும், போயிட்டு வா சாமி" என்று சொந்தக்காரரை பஸ் ஏற்றிவிடுவதுபோல் அனுப்பிவிட்டு வருகிற மனிதர். போன மாதம் அப்படி அனுப்பிவிட்டுத் திரும்பியவர் வாய்க்கால் மேட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இதயத்துக்குப் போகிற குழாயில் மூன்று அடைப்பு. இன்று இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். நாளைக் காலை ஆபரேஷன் மேசை. இதைத் தவறவிட்டால் அடுத்த தேதிக்குக் காத்திருக்க இந்த நெஞ்சு சம்மதிக்குமா என்று எனக்குத் தெரியாது என்று டாக்டர் தன் கண்ணாடியைத் துடைத்தபடி சொல்லியிருந்தார்.

கனவைக் கேட்டதும் துரை என்ன செய்தார் தெரியுமா? ஆஸ்பத்திரிக்குக் கட்டி வைத்திருந்த பையைத் திறந்து, உள்ளே இருந்த லுங்கியை உருவிக் கொடியில் காயப்போட்டார். நனையாத லுங்கி.

"பேசாத ரெண்டு பேருக்கு ஒரே கனவு வருதுன்னா அது கனவு இல்ல. உத்தரவு," என்றார்.

ஹாரிகாவுக்கு மண்டைக்குள் குக்கர் விசில் அடித்தது. மூன்று விசில். அடுப்பை அணைக்க ஆளில்லை.

"லுங்கிய எடுத்து உள்ள வைங்கப்பா."

"ஐயன் சொன்னதுக்கு மேல பேச்சு இல்ல கண்ணு."

"செத்து பத்து வருசமாச்சு. இத்தனை நாளா ஒரு வார்த்தை பேசாதவரு இன்னைக்கு எங்க உசுரை எடுக்கறதுக்கு வந்தாரா?"

"அம்மணி, வாய அடக்கு," என்று கேட்டிலிருந்து இரண்டு குரல் சேர்ந்து வந்தது. சேர்ந்து வந்துவிட்டதே என்று இரண்டும் உடனே வெட்கப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டன.

ஹாரிகா கணபதியில் பம்பு சோதிக்கிற லேபில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரே பம்பை இரண்டு பேர் தனித்தனியாக ஓட்டிப் பார்ப்பார்கள். ஒருத்தர் குறித்ததை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. இரண்டும் பொருந்தினால்தான் சீல். எத்தனையோ முதலாளிகள் அவள் முன்னால் கையைப் பிசைந்து நின்றிருக்கிறார்கள். ஒருத்தர் அழுதே விட்டார் என்றும் கேள்வி.

அவள் கேட்டைத் திறந்தாள். இரண்டு அத்தைகளையும் இரண்டு கைகளில் பிடித்தாள். மூத்தவளைத் தேங்காய்க் கொட்டகையில் மட்டைக் குவியல்மேல் உட்கார வைத்தாள். இளையவளைச் சமையலறையில் உட்கார வைத்தாள். போலீஸ் ஸ்டேஷன் கெட்டது போங்கள்.

"அப்பாரு என்ன போட்டிருந்தாருங்க?" என்று மூத்தவளிடம் ஆரம்பித்தாள். ஐயன் அவளுக்கு அப்பாரு, அதாவது தாத்தா.

"வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தலையில உருமாலை கட்டியிருந்தாரு."

"எங்க நின்னாரு?"

"மாட்டுக்குப் பக்கத்துல."

"அப்பா?"

"தம்பி கட்டில்ல தூங்கிட்டு இருந்தான்."

"அப்பாரு என்ன சொன்னாரு? அதே வார்த்தையில சொல்லுங்க."

ராசாத்தாள் முதலில் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "'அரங்கசாமி, கத்தி வெக்கிற எடத்துக்குப் போகாதே'ன்னாருங் கண்ணு."

சமையலறையில் பாவாத்தாள் வேறு கதை சொன்னாள். ஐயன் சட்டையே போடவில்லை, தோளில் ஈரத்துண்டு. நின்றது தண்ணீர்த் தொட்டி ஓரம். அண்ணன் தூங்கவில்லை, குத்துக்கால் போட்டுக் காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"சொன்னது?"

பாவாத்தாள் குரலை இறக்கினாள். "'அரங்கசாமி, கத்தி வெக்கிற எடத்துக்குப் போகாதே.'"

சட்டை ஒட்டவில்லை, இடம் ஒட்டவில்லை, ஆள் இருந்த நிலை ஒட்டவில்லை. வாக்கியம் மட்டும் ஓர் எழுத்து பிசகாமல் ஒட்டியது. லேபில் இப்படி ஒன்று வந்தால் ஹாரிகா பம்பைச் சந்தேகப்பட மாட்டாள். சோதித்தவனைச் சந்தேகப்படுவாள்.

"அம்மா, கேட்டீங்களா கூத்த," என்று பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த நாகமணியிடம் போய் அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

நாகமணியின் முறம் பாதியில் நின்றது.

"என்ன பேரச் சொல்லிக் கூப்பிட்டாராம்?"

"அரங்கசாமின்னு."

"எங்க மாமனாரா?"

"ஆமா."

"அவரு அந்தப் பேர வாயிலயே எடுக்க மாட்டாரே."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். துரைக்குப் பெயர் வைத்தபோது அவருடைய தாத்தா பெயரைத்தான் வைத்தார்கள், அரங்கசாமி என்று. வைத்தார்களே தவிர யாரும் கூப்பிடவில்லை. பெற்ற அப்பன் பெயரைச் சொல்லி மகனை வாடா போடா என்று எந்த மனுஷன் அதட்டுவான்? அதற்காகவே துரை என்று ஒன்று வைத்து, பிறந்ததிலிருந்து அதையே கூப்பிட்டார்கள். அக்காளும் தங்கையும் தாத்தா பெயரைச் சொல்ல நேர்ந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நாகமணிக்கோ அது புருஷன் பெயர், வாயில் எடுக்கவே மாட்டாள். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் நோயாளி பெயர் கேட்டபோது அவள் மகள் முகத்தைப் பார்த்த பார்வையில், பின்னால் நின்ற வரிசை முழுக்க அந்த நோயாளிக்குப் பெயரே இல்லை போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டது. அரங்கசாமி என்பவர் ரேஷன் கார்டில் குடியிருந்தார். தோட்டத்துப் பட்டாவில் குடியிருந்தார். வீட்டுக்குள் அவர் வந்ததே இல்லை.

ஹாரிகா கொட்டகைக்குப் போன வேகத்தில் இரண்டு கோழிகள் கூரை ஏறின.

"அத்தை, அப்பாரு அந்தப் பேரச் சொல்லவே மாட்டாரு. நீங்களும் சொல்ல மாட்டீங்க. எங்கப்பாவ அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆளு ஆஸ்பத்திரி நர்சு. உங்களை நான் அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டே போகலை. அங்க போயிட்டு வந்த யாரோ இந்தக் கனவச் செஞ்சு உங்க கையில குடுத்திருக்காங்க. யாருங்க?"

ராசாத்தாள் மட்டையை உரித்தாள். மட்டையின் நாரை உரித்தாள். உரிக்க இனி ஒன்றும் இல்லை என்றானதும் அழுதாள்.

"தம்பிதான் போன் பண்ணுனான் கண்ணு. 'நான் சொன்னா நம்ப மாட்டாங்க, நீ சொல்லக்கா'ன்னான். சின்ன வயசுல இருந்து அவன் கேட்டு நான் எதை இல்லைன்னேன்? எனக்குக் கனவு வந்தே ஆறு மாசமாச்சு. அதுவும் பஸ்ஸைத் தவற உட்ட கனவு."

சத்தம் கேட்டு வந்த பாவாத்தாள் கொட்டகை வாசலில் நின்று, "அம்மணி, நான் வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். மொகத்துல முழிக்காத அக்காவும் தங்கச்சியும் எங்கப்பாவக் கொல்றதுக்கு மட்டும் ஒண்ணு சேர்ந்திருக்கீங்க."

அந்தச் சொல் கொஞ்சம் அதிகம். ஹாரிகாவுக்கே தெரிந்தது. திரும்ப எடுத்துக்கொள்ளும் மனநிலையில் அவள் இல்லை.

துரை தொட்டி மேட்டில் உட்கார்ந்து தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வருகிற நடையைப் பார்த்ததும் விஷயம் வெளியே வந்துவிட்டது என்று புரிந்துகொண்டார்.

"பொய் சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

"ஊரு பூரா ஆனைக்காரத் துரைன்னு சொல்லுது. நீங்க ஒரு ஊசிக்குப் பயந்துட்டு, அறுபது வயசுப் பொம்பளையை முன்னால தள்ளி உட்டுட்டு, பின்னால ஒளிஞ்சிருக்கீங்க. வெக்கமா இல்லைங்களா?"

"அக்கா சொன்னதுதான் பொய் கண்ணு. கனவு பொய்யில்ல."

"என்னது?"

"எனக்கு வந்துச்சு. போன வாரம். ஐயன் வந்து பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு." அவர் தண்ணீரையே பார்த்தார். "உசுரோட இருந்த வரைக்கும் ஒருநாள் அந்தப் பேரச் சொன்னதில்ல. அன்னைக்குச் சொன்னாரு."

"அது நர்சு கூப்பிட்டதுங்கப்பா. பகல் முச்சூடும் மைக்குல அரங்கசாமி அரங்கசாமின்னு கத்துனாங்க. அது காதுல விழுந்து, ராத்திரி அப்பாரு வாயில வந்திருக்கு. இதுக்கு எதுக்குச் சாமி, உத்தரவு?"

"இருக்கலாம்."

"அப்பறம் என்ன?"

"இல்லாமயும் இருக்கலாமில்ல. நீ இல்லைன்னு காட்டு."

"இருக்குன்னு நீங்க காட்டுங்க."

இருவரும் முறைத்துக்கொண்டார்கள். ஒரே மூக்கு, ஒரே புருவம். கண்ணாடியோடு சண்டை போடுவதுபோல் இருந்தது.

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா," என்றாள் ஹாரிகா. குரல் உடைந்தது. உடைந்ததற்காக அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. "நான் என்ன உங்களைத் தின்னா போடுவேன்?"

"ஆனை முன்னால நிக்கும்போது நான் முழிச்சிருக்கேன் கண்ணு," என்றார் துரை. "அங்க என்னைத் தூங்க வெச்சுப்போட்டு அறுக்கப் போறாங்க. சாதாரணத் தூக்கத்துலயே ஐயன் வந்து பேரச் சொல்றாரு. அந்தத் தூக்கத்துல வந்து கூப்பிட்டா, நான் போயிருவேன். வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வராது."

ஹாரிகா தொட்டித் தண்ணீரில் கையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பம்புக்கு இப்படி எல்லாம் வருவதில்லை.

"கருப்பராயன்கிட்டப் பூக் கேட்டுருவோம்," என்றார் அவர். "வெள்ளை வந்தா கனவு நெசம், நான் வரல. செவப்பு வந்தா பையைக் கட்டு."

தோட்டத்துக்கு மேற்கே அவர்களுடைய காவல் தெய்வம் கருப்பராயன் இருக்கிறார். கிணறு வெட்டுவது, பெண் எடுப்பது, மாடு விற்பது எல்லாம் அவரைக் கேட்டுத்தான். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியாக வாழையிலைத் துண்டில் பொதிந்து அவர் காலடியில் போடுவார்கள். கேள்வியைச் சத்தமாகக் கேட்டுவிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் ஆமாம். சிவப்பு என்றால் இல்லை. பூசாரி பாலுசாமியின் கை அதை உருட்டிப் போடுகிற அழகைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆள் வரும், விஷயம் தெரிந்தால்.

மதியச் சோற்றை யாரும் தொடவில்லை. ஐந்து பேரும் வெயிலில் போய் நின்றார்கள்; அத்தைகள் மட்டும் கோயிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.

"கேள்வியச் சொல்லுங்க," என்றார் பாலுசாமி.

"நான் கேக்கறேன்," என்று ஹாரிகா முன்னால் வந்தாள். "ஆனா அதுக்கு முன்னால வேற ஒண்ணு கேக்கணுமுங்க. எங்க லேபுல ஒரு மீட்டரை நம்பறதுக்கு முன்னாடி, வெடை தெரிஞ்ச ஒண்ணை வெச்சு அளந்து பாப்போம். மீட்டரு சரியாச் சொன்னாத்தான் அடுத்த வேலை."

"சாமியவா அளக்கறே?" பாலுசாமியின் முறுக்கு மீசை நிஜமாகவே எழுந்து நின்றது.

"சாமிய இல்லைங்க. பூவை."

"கேட்டுத் தொலையட்டும் உடுங்க," என்றார் துரை.

ஹாரிகா நிமிர்ந்து நின்று கேட்டாள். "எங்கப்பா பேரு அரங்கசாமியா?"

கேட்டுவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

சிவப்பு.

பாலுசாமி எட்டிப் பார்த்தார். பிறகு ஹாரிகா சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல. "பாத்தீங்களா? கவருமெண்டே அரங்கசாமின்னு அடிச்சுக் குடுத்திருக்கு. உங்க பூ இல்லைங்குது. இந்தப் பூவை நம்பியா ஒரு ஆளோட நெஞ்சைக் கொண்டுபோய் வெக்கிறது?"

"சாமிக்கு என்ன தெரியாதா?" ராசாத்தாள் அந்தப் பக்கமிருந்து சீறினாள். "அவன் தொரதானே. யாரு அவன அரங்கசாமின்னாங்க? சாமி சரியாத்தான் சொல்லியிருக்கு."

ஹாரிகா கையிலிருந்த சிவப்புப் பூவைப் பார்த்தாள். சரியாகச் சொன்னாலும் சாமி ஜெயிக்கிறது, தப்பாகச் சொன்னாலும் சாமி ஜெயிக்கிறது. இப்படி ஒரு மீட்டரை அவள் ஆயுசில் பார்த்ததில்லை. அவளுக்கு அந்தப் பூப் பொட்டலத்தைத் தரையில் போட்டு மிதிக்க வேண்டும் போலிருந்தது. மிதித்தால் ஆபரேஷன் அதோடு முடிந்தது என்பதால் விரலை மட்டும் இறுக்கிக்கொண்டாள்.

"அடுத்ததைக் கேக்கட்டுமுங்களா?" என்றார் பாலுசாமி.

"வேண்டாமுங்க," என்றாள் நாகமணி.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கோயிலில் அவள் வாய் திறந்ததில்லை. எல்லோரும் திரும்பினார்கள்.

"சாமியே சொல்லிப்போட்டாரு, இவரு அந்தப் பேருக்காரரு இல்லைன்னு. எங்க மாமனாரும் அந்தப் பேரச் சொல்றவரு இல்ல. அப்ப வந்தது எங்க மாமனாரும் இல்ல, கூப்பிட்டது இவரையும் இல்ல." அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். "எந்த ஊருக்காரனோ, எந்த அரங்கசாமியவோ தேடி வந்து, கொரியர்க்காரன் மாதிரி ஊடு மாறிக் கதவத் தட்டிப்போட்டான். வந்தவன் மாமனார் மாதிரி இருந்தா என்ன? இருட்டுல எல்லாக் கெழவனும் ஒரே மாதிரிதான் இருப்பாங்க."

துரை மனைவியைப் பார்த்தார். கருப்பராயனைப் பார்த்தார். உதடு ஒரு பக்கம் இழுத்தது. பிறகு தோள் குலுங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிடித்த கையைப் பார்த்து எல்லோரும் பதறியதும் இன்னும் சிரித்தார்.

"ஊடு மாறிப் போட்டானா?"

"மாறித்தான் போட்டான்."

"அப்ப அந்த அரங்கசாமி பாவம்," என்றார் துரை. "லுங்கி காஞ்சிருச்சான்னு பாரு."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஹாரிகா தாயை விட்டு நாலடி முன்னால் நடந்தாள். காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்தி, தோண்டித் துருவி, பொய்யைக் கண்டுபிடித்து வெளியே இழுத்துப் போட்டது அவள். அப்பா ஒத்துக்கொண்டது ஒரு கொரியர்க்காரனுக்காக.

"கோவமா?" என்றாள் நாகமணி.

"பின்ன இருக்காதா? நான் சொன்னது அத்தனையும் உண்மை. நீங்க சொன்னது அத்தனையும் கதை."

"ஆமா. வண்டிய எடு."

பை ஏறியது. நாகமணி முன்னால் ஏறினாள். துரை பின்சீட்டில் மடியில் தண்ணீர்ப் பாட்டிலோடு உட்கார்ந்தார். ராசாத்தாள் விபூதியை அள்ளி அவர் நெற்றியில் பூசியதில் பாதி கண்ணுக்குள் போனது. ஹாரிகா சாவியைப் போட்டாள். கோபம் இன்னும் அடங்கவில்லை. அதற்கு ஒரு கடைசி ஆள் தேவைப்பட்டது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கப்பா. பெரியத்தை உங்களுக்காக எதையும் சொல்வாங்க, சரி. சின்னத்தைக்கு எதுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தீங்க? அவங்க எப்படிப் பயந்துட்டே சொன்னாங்க தெரியுமா?"

"யாருக்கு, பாவாளுக்கா?" துரை கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னார். "அவகிட்ட நான் எங்க சொன்னேன்? அவ வாயில ஒரு சங்கதி நிக்குமா? அக்காளுக்கு மட்டுந்தான் போன் பண்ணுனேன்."

"அப்ப பெரியத்தை சொல்லியிருப்பாங்க."

சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ராசாத்தாள் பாவாத்தாளிடம் பேசுவதற்கு முன் தொண்டாமுத்தூர் மலை இறங்கி வந்து பஸ் ஏறும்.

பாவாத்தாள் கார் ஓரமாக வந்து நின்றாள். கண்ணாடி இறங்கித்தான் இருந்தது.

"காலையில இருந்து அதைத்தான் அம்மணி சொல்ல வாரேன். நீ பேச உட மாட்டேங்கற. எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்கு வந்துச்சு. நெசமாலுமே வந்துச்சு." அவள் சன்னல் விளிம்பைப் பிடித்தாள். "ஐயன் அதோட நிறுத்தல. அதுக்கப்புறம் இன்னொரு வார்த்தையும் சொன்னாரு. நீ அதைக் கேக்கவே இல்ல."

பின்சீட்டில் தண்ணீர்ப் பாட்டில் உருண்டு விழும் சத்தம் கேட்டது.

"என்ன பாவா?" என்றார் துரை. குரல் அவருடையதுபோல் இல்லை. "இன்னொரு வார்த்தை, எனக்கும்தான் சொன்னாரு. நான் அக்காகிட்டக்கூட அதைச் சொல்லல. நீ சொல்லு. என்ன சொன்னாரு?"

தனித்தனியாகக் கேட்ட இரண்டு பேர். ஒருத்தர் அறிந்ததை மற்றவர் அறியாத இரண்டு பேர். லேபில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஹாரிகா கேட்டுக்கொண்டிருந்த சோதனை, கையெழுத்துக்குத் தயாராக, சன்னலில் வந்து நின்றது. அத்தை வாய் திறந்தால் போதும். ஒன்று இது பொய் என்று ஊர் அறிய முடிந்துபோகும். அல்லது...

துரையின் கை கதவின் பிடியைத் தேடியது. பாவாத்தாள் மூச்சை இழுத்தாள்.

ஹாரிகா கண்ணாடியை ஏற்றினாள். நான்கு கதவுகளும் ஒரே சத்தத்தில் பூட்டிக்கொள்ள, வண்டியை எடுத்தாள்.